அறைச் சாவியோடு அடுப்பும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒகேனக்கல்லில் தங்கும் வசதி பற்றிப் போன வாரம் வாசகர் பக்கத்தில் தர்மபுரி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். தண்ணீரைப் பார்த்தபடி அறை எடுத்துத் தங்குவதெல்லாம் வசதி படைத்தவர்கள் சமாச்சாரம், ஐந்து நட்சத்திர ரிசார்ட் ஒன்று வந்தால்தான் அந்த ஊருக்கு விமோசனம் என்பது அவர் கட்சி. கரீபியன் தீவுகளைப் பாருங்கள் என்று வேறு உதாரணம் காட்டியிருந்தார். நான் பார்த்துவிட்டு வந்தவன் ஐயா. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாமல் வெட்டுவதானால் கிரிக்கெட் வரும் இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள். களி பற்றி எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் 31 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். சென்னை, பெங்களூரு, சேலம் என்று எந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் எங்கள் ஊர் வழியில்தான் இருக்கிறது. மாங்காய் சீசனில் மண்டிக்கு வரும் வியாபாரிகள், கல்யாணத்துக்கு வந்து மண்டபத்தில் படுக்க இடம் கிடைக்காதவர்கள், மருந்துக் கம்பெனி ரெப்கள், லாரி ஓனர்கள் என்று எல்லோருக்கும் சாவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் பையைக் கீழே வைக்கிற விதத்திலேயே, காலையில் நம் துண்டு மிஞ்சுமா மிஞ்சாதா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் கரீபியன் தீவான பார்படாஸுக்கும் போனேன். கடலைப் பார்ப்பதற்கு முன்னால் ரிஜிஸ்டரைத்தான் பார்த்தேன்.

2025 பிப்ரவரியில் நானும் என் வீட்டம்மாவும் டொரொன்டோவில் மகள் வீட்டில் இருந்தோம். ஜன்னலைத் திறக்க முடியாத குளிர். இரண்டாவது வாரமே வீட்டம்மா, "ஏங்க, ஊருக்குப் போயிடலாமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு இருந்தது. "அத்தை, ஊருக்கு வேண்டாம், ஊர் மாதிரி வெயில் அடிக்கிற இடத்துக்குப் போகலாம்" என்றார். நாம் மே மாசம் ஏற்காட்டுக்குப் போகிற மாதிரி அங்கே உள்ளவர்கள் பிப்ரவரியில் கரீபியன் பக்கம் போகிறார்கள். பார்படாஸ் என்று முடிவானது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், டொரொன்டோவிலிருந்து நேராக விமானம், ஐந்து மணி நேரம்.

ஸ்கூல் அட்லஸில் கிருஷ்ணகிரி மேல் விரலை வைத்து நேராக மேற்கே இழுத்துக்கொண்டு போங்கள். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டினால் முதலில் விரல் முட்டுகிற தீவு கிட்டத்தட்ட அதுதான். நாம் பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறோம், அவர்கள் பதின்மூன்றில். அதே வெயில், அதே ஆறு மணி அஸ்தமனம். வேப்பமரத்தைக்கூடப் பார்த்தேன். புளியமரம் உண்டு, மாமரம் உண்டு. நாங்கள் போனபோது பூத்திருந்தது. தீவு மொத்தமும் எங்கள் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

தங்கியது தெற்குக் கரையில் வொர்திங் என்ற இடத்தில். பெயர் வேண்டாம், விளம்பரம் போலவும் ஆகிவிடக்கூடாது, குறை சொன்ன மாதிரியும் ஆகிவிடக்கூடாது. மூன்று மாடி, இருபது அறை, லிஃப்ட் கிடையாது. அபார்ட்மென்ட் ஹோட்டல் என்கிறார்கள். அதாவது ஒரு படுக்கையறை, சோபாவை இழுத்தால் கட்டிலாகிற ஒரு கூடம், கூடத்தின் மூலையில் சமையல் மேடை. எதிரே சின்ன பால்கனி. பால்கனியிலிருந்து கடலுக்கு நாற்பது தப்படி. ஒரு ராத்திரிக்கு 260 பார்படாஸ் டாலர். அவர்கள் இரண்டு டாலர் ஒரு அமெரிக்க டாலர். 1975-லிருந்து அந்தக் கணக்கு மாறவே இல்லையாம். ஏழு ராத்திரிக்கு வரி, சேவைக் கட்டணம் எல்லாம் போட்டு 2,200 பார்படாஸ் டாலர் சில்லறை வந்தது, நம் பணத்தில் 95,000 சொச்சம். பேரனையும் சேர்த்து ஐந்து பேர். ஒரு தலைக்கு ஒரு ராத்திரிக்கு 2,700 ரூபாய் என்று கவுண்டரில் நின்றபடியே கணக்குப் போட்டேன். விமான டிக்கெட் தனி. அதை நான் கேட்கவும் இல்லை, மாப்பிள்ளை சொல்லவும் இல்லை.

ஏழை பாழைக் கணக்கு இது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே தீவின் மேற்குக் கரைக்கு பிளாட்டினம் கோஸ்ட் என்றே பெயர். நண்பர் சொல்கிற நட்சத்திர ரிசார்ட்டெல்லாம் அங்கேதான். ஒரு நாள் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனோம். பெரிய பெரிய மதில்தான் தெரிந்தது, கடல் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பகல் பன்னிரண்டரைக்கு. மூன்று மணிக்குத்தான் அறை என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. மறுபடி கிளம்புகிற அன்று பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊர் லாட்ஜில் ராத்திரி பத்துக்கு வந்தால் மறுநாள் ராத்திரி பத்து வரைக்கும் அவர் அறை. இங்கே மூன்றுக்கு உள்ளே விட்டுப் பதினொன்றுக்கு வெளியே அனுப்பினால் இருபது மணி நேரம்தான் ஆகிறது. மிச்சம் நாலு மணி நேரம் எங்கே போச்சு? மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். "அப்பா, சும்மா இருங்க" என்றாள். அந்த அம்மாவே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொன்னார்: இருபது அறை, இருபது அடுப்பு, இருபது ஃபிரிட்ஜ், சுத்தம் செய்ய இரண்டே பெண்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. எங்கள் லாட்ஜில் பெட்ஷீட் மாற்றி, பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பதினைந்து நிமிஷத்தில் அறை தயார். முந்தின குடும்பம் பொரித்த மீனின் எண்ணெயைத் துடைக்கிற வேலை எங்களுக்கு இருந்ததில்லை.

அறைக்குள் போனதும் சமையல் மேடைக்கு மேலே இருந்த அலமாரிக் கதவைத் திறந்தேன். உள்பக்கம் ஒரு தாள், லேமினேஷன் போட்டு ஒட்டியிருந்தார்கள். தட்டு 6, கிண்ணம் 6, கத்தி 6, வாணலி 2, வடிதட்டு 1, டின் திறப்பான் 1, மரக்கரண்டி 1 என்று முப்பது வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே, தொலைந்தால் உடைந்தால் என்ன விலை என்று எழுதியிருந்தது. நான் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்த நேரத்துக்கு மற்றவர்கள் கடலில் கால் நனைத்துவிட்டு வந்துவிட்டார்கள். எங்கள் லாட்ஜில் டம்ளர் காணாமல் போனால் ரூம் பாய் சம்பளத்தில் பிடிப்போம். அந்தப் பையனும் சும்மா இருக்க மாட்டான், அடுத்த அறை டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். இப்படி ஒரு தாள் ஒட்டலாம் என்று 31 வருஷத்தில் எனக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை.

குறையும் உண்டு. கடலோரக் கட்டடம் என்றால் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஏசியின் வெளிப்பெட்டி துரு ஏறி லொடலொடவென்று சத்தம். பால்கனியின் சறுக்குக் கதவு, தண்டவாளத்தில் மணல் சேர்ந்து, இரண்டு பேர் தள்ளினால்தான் நகரும். வைஃபை கவுண்டர் பக்கம்தான் சரியாக வரும். தலையணை சப்பை. வேறு யாராவது என்றால் புகார் எழுதியிருப்பார்கள். நான் ஒரு பழைய பிரஷ்ஷும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் எடுத்து மணலைத் தட்டிவிட்டு எண்ணெய் விட்டேன், கதவு ஓடியது. தொழில் புத்தி போகுமா?

முதல் ராத்திரி இன்னொரு கூத்து. இருட்டியதும் வெளியே நூறு விசில் ஊதுகிற மாதிரி சத்தம். ஏதோ மிஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். பார்த்தால் தவளை! கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். விடிய விடிய ஊதுகிறது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய பிறகு ராத்திரியில் ஹைவே லாரி ஹார்ன் மட்டும் கேட்கிறது.

இனி களி. என் வீட்டம்மா கிருஷ்ணகிரியிலிருந்து டொரொன்டோவுக்கு நாலு கிலோ ராகி மாவு கொண்டுபோயிருந்தாள். அதில் ஒரு கிலோ பார்படாஸுக்கும் வந்தது. விமான நிலையத்தில் மகள் படிவத்தில் மாவு என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள். அதிகாரி பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டம்மா கூடவே ஒரு கரண்ட் கெட்டிலும் கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று மகள் சொன்னதைக் கேட்டால்தானே. நம் ஊர் 230 வோல்ட்டுக்குச் செய்தது, அங்கே வருவதோ 115. மின்னழுத்தம் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில்தான் இருந்தது. நல்லவேளை, மேடையில் இரண்டு சுருள் கரண்ட் அடுப்பு இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நொய்யை வேகவிட்டு, ராகி மாவைக் குவித்து, நடுவில் குழி போட்டு, வெந்ததும் கிண்ட ஆரம்பித்தாள். கிண்டுவதற்குத் துடுப்பு ஏது? தாளில் கண்ட மரக்கரண்டி ஒன்றுதான். களி இறுகுகிற நேரத்தில் அது நடுவில் மளுக்கென்று முறிந்தது. "ஏங்க, அந்தத் தாள்ல எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். நாலு டாலர்.

அந்த நேரம் பார்த்து அறை சுத்தம் செய்ய வருகிற அம்மா கதவைத் தட்டினார். ஐம்பது வயசிருக்கும். அந்த ஊரில் யாராக இருந்தாலும் குட் மார்னிங், குட் ஆஃப்டர்நூன் சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள். சொல்லிவிட்டு அடுப்பை எட்டிப் பார்த்தார். பாத்திரத்தில் பாதிக் கரண்டி நிற்கிறது, களி கருப்பாக இருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஊரின் முக்கியச் சாப்பாடு கூ-கூ என்று ஒன்று. வெண்டைக்காயை வேகவைத்த தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டிக் கட்டி விழாமல் கிண்டுவது. அதற்கென்றே பலகை மாதிரி ஒரு கட்டை உண்டு, சின்னப் பையன்களின் கிரிக்கெட் மட்டை அளவில். கூ-கூ வெந்ததும் வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் போட்டுச் சுழற்றித் தட்டில் கவிழ்ப்பார்கள். கவிழ்த்த உருண்டையின் நடுவில் குழி போட்டு அதில் மீன் குழம்பை ஊற்றுவார்கள்.

குழி போட்டு! வீட்டம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மகள்தான் நடுவில் மொழிபெயர்த்தாள், ஆனால் அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த அம்மா முறிந்த கரண்டியின் கைப்பிடியாலேயே கிண்டுவது போல் காட்டினார். இவள் தட்டில் தண்ணீர் தெளித்து உருண்டை பிடித்துக் காட்டினாள். ஒரு உருண்டையும் கீரைக் கடைசலும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தோம். அங்கே கிடைத்தது நம் ஊர் சிறுகீரை இல்லை, டப்பாவில் வரும் பாலக்தான். ருசி எப்படி என்று கேட்டதற்கு நல்லாயிருக்கு என்றார், ஆனால் உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் தலைநகர் பிரிட்ஜ்டவுன் மார்க்கெட்டில் கூ-கூ கட்டை ஒன்று வாங்கினோம்.

கூ-கூவுக்குத் தொட்டுக்கொள்வது பறக்கும் மீன். நாகப்பட்டினம் பக்கம் கோலா என்பார்களே, அந்த இனம். அவர்களின் ஒரு டாலர் காசுக்கு ஏழு மூலை, அதில் இந்த மீன்தான் பறக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்ஸ்டின்ஸ் என்ற மீனவ ஊரில் வரிசையாகக் கடை போட்டு மீன் சுடுவார்கள், பொரிப்பார்கள். எங்கள் கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவல் கடைகள் இருக்கிறதே, அதைக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்துப் பாட்டும் போட்டால் அதுதான். மிளகாய் மட்டும் போதாது. முந்தைய வருஷம் ஜூலை முதல் தேதி பெரில் புயல் தெற்கே ஒட்டிப் போனபோது ஏராளமான மீன்பிடிப் படகுகள் உடைந்துவிட்டன. எங்கள் ஹோட்டலிலிருந்து மணலுக்கு இறங்கும் படிக்கட்டுகூடப் புதுசு. பழசைக் கடல் கொண்டுபோய்விட்டதாம்.

அதே புயல்தான் நம் கிரிக்கெட் அணியை அங்கேயே ஹோட்டலில் முடக்கிப் போட்டது. 2024 ஜூன் 29-ம் தேதி கென்சிங்டன் ஓவலில் தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் ஜெயித்து டி20 உலகக் கோப்பை வாங்கினோம் அல்லவா, அந்த மைதானத்துக்கு எங்கள் அறையிலிருந்து பஸ்ஸில் போய்வந்தோம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் மூன்றரை டாலர். பஸ் நிறுத்தப் பலகையில் ஊர்ப் பெயரே கிடையாது: நகரத்துக்கு, நகரத்துக்கு வெளியே, இவ்வளவுதான் எழுதியிருக்கும். வெள்ளை வேன்களும் ஓடுகின்றன. நம் ஷேர் ஆட்டோ மாதிரி ஆளை அடைத்துக்கொண்டு, காது கிழிகிற பாட்டு. ஓவல் வாசலில் அந்த ஊர் கிரிக்கெட் வீரர் சோபர்ஸ் சிலைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். சூர்யகுமார் அந்த கேட்ச் பிடித்த எல்லைக்கோடு எது என்று காவலாளியிடம் கேட்டேன். கை காட்டினார். வெயிலில் வெறும் புல்.

தண்ணீர் பற்றி எழுதாவிட்டால் நான் இந்த மாவட்டத்துக்காரன் இல்லை. என் முன்பற்களில் பழுப்புக் கோடு உண்டு. எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு உண்டு, ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. என் பேரனின் பல்லுக்கு அது உதவும், எனக்கு இல்லை. அங்கே அறைக்குள் போனதும் தண்ணீர் கேன் எங்கே என்று தேடினேன். குழாயில் பிடித்துக் குடியுங்கள் என்றார்கள். தீவில் பெரும்பகுதி பவழச் சுண்ணாம்புப் பாறைதான். மழைத் தண்ணீர் அந்தப் பாறைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி வடிகட்டி அடியில் நிற்கிறது, அதைத்தான் எடுத்துக் குழாயில் விடுகிறார்கள். நம் காவிரி மாதிரி ஆறு எதுவும் கிடையாது, தண்ணீர் பஞ்சம் உள்ள நாடு என்றே பெயர். இருந்தும் லாட்ஜ் அறைக் குழாயில் வருவதை நம்பிக் குடிக்கலாம். ஏழு நாளும் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை.

வெந்நீரும் அப்படித்தான். எங்கள் லாட்ஜில் காலை ஆறு முதல் எட்டு வரை என்று போர்டு போட்டிருப்போம், ஏழரைக்கே தீர்ந்துவிடும். அங்கே எந்த நேரம் திறந்தாலும் வெந்நீர். மாடிக்குப் போய்ப் பார்த்தேன், வரிசையாகச் சோலார் தகடு. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது வரிச் சலுகை கொடுத்து ஆரம்பித்தார்களாம், இன்றைக்குக் கூரைக்குக் கூரை நிற்கிறது. வாளியும் குவளையும் மட்டும் இல்லை. வீட்டம்மா சமையல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனதை நான் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

இப்போது கரைக்கு வருகிறேன். நண்பருக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். அந்த நாட்டில் கடற்கரை முழுக்கப் பொதுச் சொத்து. எவ்வளவு பெரிய ஹோட்டலானாலும் மணலுக்குக் கயிறு கட்ட முடியாது. மேற்குக் கரையில் மதிலுக்கு நடுவே போகிற பாதைகளைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு மனத்தாங்கல் இருக்கிறது, அதையும் கேட்டேன். எங்கள் ஹோட்டலுக்கு முன்னால் காலை ஐந்தரைக்கே ஊர்ப் பெரியவர்கள் வந்துவிடுவார்கள். கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று பேச்சு, சிரிப்பு. நம் ஊர் டீக்கடை பெஞ்சைத் தூக்கிக் கடலில் போட்ட மாதிரி. ரிட்டையரான பஸ் டிரைவர் ஒருவர், டீச்சரம்மா ஒருவர். நான் இடுப்பளவுக்கு மேல் போகவில்லை. கிணற்றில் நீச்சல் கற்றவனுக்கு அலை ஒத்துவரவில்லை. குளித்துவிட்டு அவர்கள் எங்கள் ஹோட்டல் குழாயில்தான் கால் மணலைக் கழுவிக்கொண்டு போவார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அங்கே ஒரு மரம் பற்றிச் சொல்ல வேண்டும். கரையோரத்தில் நல்ல நிழல் தருகிற மரம், அடிமரத்தில் சிவப்பாக ஒரு பட்டை பூசியிருந்தது. வீட்டம்மா பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனாள். நம் ஊரில் மரத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தால் என்ன அர்த்தம்? சாமி. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியபோது நாற்காலி வாடகைக்கு விடுகிற பையன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். மான்சினீல் என்று பெயராம். பழம் சின்ன பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கும், விஷம். பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மழை பெய்யும்போது அடியில் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே சுட்டுவிடும். அதற்குத்தான் சிவப்புப் பட்டை. அந்தப் பையனுக்கு வீட்டம்மா தன் மடியில் இருந்த நிப்பட்டு என்கிற தட்டையைக் கொடுத்தாள். பேரனுக்கும் ஒரு கண்டம் வந்தது: பட்டாளத்து டிசைன் போட்ட தொப்பி. அந்த நாட்டில் ராணுவத்தார் தவிர வேறு யாரும், குழந்தைகள்கூட, அதைப் போடக்கூடாது, சட்டம். கவுண்டர் அம்மா சிரித்துக்கொண்டே பெட்டியில் வைக்கச் சொன்னார்.

கிளம்புகிற அன்று ஒரு பெண் வந்து தாளை வைத்துக்கொண்டு எண்ணினாள். பில்லில் கடைசி வரி: மரக்கரண்டி 1, 4 டாலர். மாப்பிள்ளைக்கு முகம் மாறியது. ஏழு நாள் தங்கிய குடும்பத்திடம் ஒரு கரண்டிக்குக் காசா என்றார். எனக்கோ பரம திருப்தி. முதல் நாளே எழுதி ஒட்டியிருந்த விலை, அதில் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதே இடத்தில் எழுதி ஒட்டாத கட்டணம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். முதல் நாள் எங்கள் பெட்டியை மூன்று மணி வரை வைத்திருந்ததற்குப் பத்து டாலர். அது எந்தத் தாளில் இருக்கிறது என்று மகளை விட்டுக் கேட்டேன். கவுண்டர் அம்மா தேடிப் பார்த்தார், இல்லை. அந்த வரியை அடித்துவிட்டார். அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, ஒகேனக்கல்லுக்கு வருவோம். ஆடிப்பெருக்குக்கு எங்கள் சம்பந்தி வீட்டார் பதினோரு பேர் ஒருமுறை போனோம். பெண்கள் ராத்திரியே புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. அறை கேட்டால் வாசலில் ஒருவர் ஒரு விலை, உள்ளே இன்னொருவர் இன்னொரு விலை சொன்னார்கள். அறையில் அடுப்பு பற்றவைக்கக்கூடாது என்றார்கள், அது நியாயம். ஆனால் வேறு இடமும் காட்டவில்லை. கடைசியில் பாறையில் கல் வைத்துத்தான் மீன் குழம்பு கொதித்தது.

அங்கே மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். மசாலாவை அம்மியில் அரைத்து, மண்சட்டியில் வைத்து, அரை மணியில் முடித்துவிடுவார்கள். இவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நட்சத்திர ஹோட்டல் பஃபே வைத்தால் யாருக்கு லாபம்? அரசாங்கமோ தனியாரோ, கட்டுகிறவர்கள் கட்டட்டும். பத்து அறை கட்டினால் ஐந்துக்காவது ஒரு சமையல் மேடை, ஒரு ஃபிரிட்ஜ், புகை போக ஒரு ஜன்னல் வையுங்கள். கேஸ் சிலிண்டருக்குப் பயமென்றால் கரண்ட் அடுப்பு போதும். சமைக்கத் தெம்பில்லாதவர்களுக்கு அந்த அம்மாக்களையே அழைத்துக்கொள்ள அவர்கள் பெயரும் கூலியும் கவுண்டரில் எழுதிப் போடுங்கள். அலமாரிக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள். ஆற்றுக்குப் போகிற வழியில் மட்டும் கேட் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். தண்ணீர் அதிகம் வரும்போது குளிக்கவும் பரிசல் போகவும் தடை போடுகிறார்கள், அது வேறு. தங்குகிறவருக்கு ஒரு படித்துறை, ஊர்க்காரருக்கு ஒரு படித்துறை என்று பிரிக்கிற வேலை வேண்டாம் என்கிறேன்.

ஐந்து பேர் குடும்பம் இரண்டு நாள் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் அறை வாடகையைவிடச் சாப்பாட்டுச் செலவு கூடிவிடும். குடும்பங்கள் காலையில் வந்து சாயங்காலமே ஓடிவிடுவது இதனால்தான். 31 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், ராத்திரி தங்குகிறவர்தான் ஊரில் காசு செலவழிப்பார்.

தர்மபுரி நண்பர் நேரில் வந்து பேச விரும்பினால் காவேரிப்பட்டணத்துக்கு வரட்டும். கூ-கூ கட்டை எங்கள் வீட்டு அடுப்பங்கரையில்தான் தொங்குகிறது. பழைய துடுப்பை வீட்டம்மா மருமகளுக்குக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை எங்கள் வீட்டில் களி.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற லாட்ஜ் மேலாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.